பெம்

சர்வரில் சான்றிதழ் ஏற்றுபவர்கள் அன்றாடம் புழங்கும் 'பெம்' கோப்புக்கும் மின்னஞ்சலுக்கும் இன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது: 'பிரைவசி என்ஹான்ஸ்டு மெயில்', அதாவது அந்தரங்கம் காக்கும் அஞ்சல். 1993இல் ஆர்எஃப்சி 1421 முதல் 1424 வரையிலான இணைய நெறி ஆவணங்கள் அதற்கு விதி வகுத்தன. திட்டம் எடுபடவில்லை, உறை மட்டும் தங்கிவிட்டது. அக்கால அஞ்சல் வழிகளில் எழுத்துகள்தான் பழுதின்றிப் போய்ச் சேரும். அதனால் 'டெர்' என்னும் பைனரி வடிவத்தை பேஸ்64 எழுத்துகளாக்கி, வரிக்கு 64 வீதம் மடக்கி, மேலே 'பிகின்', கீழே 'எண்ட்' என இருபுறமும் ஐந்தைந்து சிறுகோடுகளோடு எழுதினார்கள். சான்றிதழ் என்றால் உள்ளே முதல் எழுத்துகள் பெரும்பாலும் 'எம்ஐஐ'தான். விண்டோஸ் கேட்கும் 'பிஎஃப்எக்ஸ்' வேறு ரகம்: சாவியும் சான்றிதழும் ஒரே கடவுச்சொல்லுக்குள். பெம்மை டெர் ஆக்க ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கட்டளை உண்டு. அது அந்த 'பிகின்', 'எண்ட்' வரிகளைக் கழற்றி பேஸ்64ஐ அவிழ்ப்பதோடு சரி.