பெரும்பாணாற்றுப்படையில் இல்லத்து மது

சங்ககாலக் கள் என்றதும் பனங்கள்ளையே கருதுவார் பலர். உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை அக்கருத்துக்கு முழுதும் இடந்தரவில்லை. வலைஞர் குடியினர் குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றி, நல்லடை கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்துச் சாடியில் முற்றவிடும் முறையை அது விரிக்கிறது.

நல்லடையாவது இடித்த நெல்முளை என்பர் உரைகாரர். இச்சொல்லே திறவுகோல். அரிசியின் மாவுப்பொருளை ஈஸ்ட் நேரே மதுவாக்காது. முளையிலுள்ள நொதிகள் முதலில் அதனைச் சர்க்கரையாக்க வேண்டும். பொழுதுபோக்காக வீட்டில் பீர் ஆக்குவோர் முளைவித்த பார்லியைக் கொள்வதும் இதன்பொருட்டே. (ஹாப்ஸ் மட்டும் ஈண்டு இல்லை.) கொதிசூட்டில் நொதிகள் அழியும். களி ஆறிய பின்னரே முளை சேர்வதைப் பிறழாது கூறும் புலவர், இத்தொழிலை அருகிருந்து கண்டவராதல் வேண்டும். தோப்பியை இல்லத்தில் அட்டதெனப் பிறிதோரிடத்து அவரே சுட்டுகிறார். வலைஞரோ தம் மதுவைச் சுட்ட மீனொடு, தளர்ந்து வரும் பாணர்க்கு அளிக்கின்றனர்.