திருவிருந்து மேசை எங்கே இருந்தது?

"அண்ணே, இங்க ஆல்டர் எந்தப் பக்கம் இருந்திருக்கும்?"

கேட்டவன் என் டீமில் இருக்கும் நாசரேத்துக்காரன். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். டப்ளினில் ஜெர்விஸ் தெருவும் மேரி தெருவும் சேரும் முனையில் 'தி சர்ச்' என்றொரு பாரும் உணவகமும் இருக்கிறது. பெயர் சும்மா வைத்ததில்லை. அது நிஜமாகவே முன்னூறு வருஷத்துப் பழைய தேவாலயம், புனித மரியாள் ஆலயம். டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போவதால் அன்று அங்கே விருந்து. உள்ளே காலெடுத்து வைத்ததும் எனக்கே கை தன்னால் ஷூ லேஸுக்குப் போனது. அவனுக்கு அதைவிடச் சிக்கல். சி.எஸ்.ஐ. குடும்பம், ஆங்கிலிக்க மரபில் வந்த சபை. இந்த ஆலயமும் அதே மரபுதான். ஊரில் சர்ச்சைக் 'கோயில்' என்றும், அங்கே அப்பமும் ரசமும் பகிர்வதைத் 'திருவிருந்து' என்றும் சொல்லி வளர்ந்தவன். நடுக்கூடத்தில் நீளமாக பார் கவுண்டர், மேலே மாடத்தில் தட்டும் கரண்டியும் உரசும் சத்தம். ஆரஞ்சு ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

அவன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி ஆரம்பித்த வாசிப்புதான் இந்தக் கட்டுரை.

லிஃபி ஆற்றின் வடகரையில் இந்தப் பகுதி 1670களில்தான் நகரமாக ஆரம்பிக்கிறது. ஹம்ஃப்ரி ஜெர்விஸ் என்ற வணிகர் இங்கே நிலத்தை வளைத்து, பாலம் கட்டி, தெருக்களைப் போட்டார். குடியேறியவர்கள் பெருகியதும் 1697இல் புனித மிக்கான் பங்கை மூன்றாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று மரியாள் பங்கு. சர்வேயர் ஜெனரலாக இருந்த வில்லியம் ராபின்சன் ஆலயத்தை வடிவமைத்தார். 1700இல் வேலை தொடங்கியது. மாடங்கள் வைத்துக் கட்டிய டப்ளின் தேவாலயங்களில் இது மிக முந்தையவற்றுள் ஒன்று. மாடம் அலங்காரத்துக்கு இல்லை. சீர்திருத்தச் சபைகளில் பிரசங்கம்தான் மையம். நிறைய பேர் உட்காரணும், எல்லார் காதிலும் குரல் விழணும், அதற்கான ஏற்பாடு அது. இன்று அந்த மாடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் கீழே நடப்பது மொத்தமும் தெரியும். அதுவும் அந்த ஏற்பாட்டின் பலன்தான்.

இங்கே வந்து போனவர்களின் பட்டியல் நீளம். ஹேண்டல் 1741-42இல் டப்ளினில் தங்கியிருந்தபோது இங்கிருந்த ஆர்கனில் பயிற்சி செய்தார் என்று சொல்வார்கள். ஆர்கனின் மரக்கூடு இன்னும் மாடத்தில் நிற்கிறது. ஜான் வெஸ்லி 1747இல் அயர்லாந்தில் இறங்கியதும் முதலில் பிரசங்கித்தது இங்கேதான். வந்திருந்த கூட்டத்தின் பகட்டும் அசட்டையும் அவருக்குப் பிடிக்கவில்லை, நாட்குறிப்பில் அலுத்துக்கொள்கிறார். 1761இல் ஒரு கல்யாணம். மணமகள் ஒலிவியா விட்மோர். மாப்பிள்ளை, அதற்கு இரண்டு வருஷம் முன்பு வருடத்துக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 வருஷக் குத்தகைக்கு ஒரு பழைய மதுவடிப்பாலையை எடுத்திருந்தவர். பெயர் ஆர்தர் கின்னஸ். அவர் மோதிரம் மாற்றிய கூடத்தில் இன்று அவர் பெயர் போட்ட கருப்பு பீர் குழாயில் வருகிறது. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் எடிட்டர் 'ஓவரா இருக்கு' என்று வெட்டிவிடுவார்.

ஆனால் என்னை நிறுத்தியது இந்தப் பிரபலங்கள் இல்லை. 'பங்கு' என்ற சொல்.

பதினெட்டாம் நூற்றாண்டு டப்ளினில் பங்கு என்பது ஞாயிறு வழிபாட்டோடு முடிகிற விஷயம் இல்லை. கிட்டத்தட்ட வார்டு நிர்வாகம். இராக்காவல், தீயணைக்கும் எந்திரம், ஏழைகளுக்கு உதவி, தெருவில் போட்டுவிட்டுப் போன குழந்தைகளைத் தாதி வைத்து வளர்ப்பது, எல்லாம் பங்கின் வேலை. இதற்கெல்லாம் 'வெஸ்ட்ரி' என்ற கூட்டம் கூடி வரி போடும். அந்த வரியைக் கத்தோலிக்கர்களும் கட்டணும். நாட்டில் பெரும்பான்மை அவர்கள்தான், ஆனால் இந்த ஆலயம் அவர்களுடையது இல்லை. ஆள்கிறவர்களின் சபைக்கு ஆளப்படுகிறவர்கள் காசு கொடுத்தார்கள். குழந்தைகள் விஷயத்திலும் எல்லாம் கருணையாக நடக்கவில்லை. டப்ளின் பங்குகள் சிலவற்றில், கிடைத்த குழந்தையை ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துப் பங்கில் கொண்டுபோய் வைப்பதற்கென்றே கூலிக்கு ஆள் இருந்தது. செலவு அவர்கள் தலையில் விழட்டும் என்று.

ஆகவே 'புனிதமான இடத்தைக் கடையாக்கிவிட்டார்கள்' என்று சுலபமாக வருத்தப்பட முடியவில்லை. இதே ஆலயத்தில் 1763இல் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை உல்ஃப் டோன். வளர்ந்ததும், கத்தோலிக்கர் புராட்டஸ்டண்ட் பேதமில்லாமல் எல்லாரும் அயர்லாந்துக்காரர்களே என்று இயக்கம் கட்டி, அதற்காகவே 1798இல் சிறையில் இறந்தான். இந்தப் பங்கின் பதிவேட்டிலிருந்தே இந்தப் பங்கின் அதிகாரத்தை எதிர்த்தவன் வந்தான்.

கட்டடம் ஏன் காலியானது என்பதற்கு நம்பிக்கை குறைந்தது மட்டும் காரணம் இல்லை. 1801இல் அயர்லாந்து நாடாளுமன்றம் லண்டனோடு இணைக்கப்பட்டதும் பிரபுக்கள் டப்ளினை விட்டுக் கிளம்பினார்கள். வடகரை மாளிகைகள் அறை அறையாக வாடகைக்குப் போயின. ஆலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஹென்ரியட்டா தெரு. 1911இல் அந்தத் தெருவின் 15 வீடுகளில் 835 பேர் இருந்தார்கள். பங்கின் எல்லைக்குள் ஜனம் பெருகியது, பங்கின் சபை சுருங்கியது. 1871இல் அரசுச் சபை என்ற அந்தஸ்தும் போயிற்று. ஏழைப் புராட்டஸ்டண்டுகள் மிச்சமிருந்தார்கள். நாடகாசிரியர் ஷான் ஓ'கேஸி 1880இல் இங்கே ஞானஸ்நானம் பெற்றது அந்தக் காலத்தில்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வழிபாடு நின்று, கட்டடம் பாழடைந்தது. 1997இல் அது கைமாறி, ஏழு வருஷம் போல வேலை நடந்து, 2005 டிசம்பரில் பாராகத் திறந்தது.

அந்த ஏழு வருஷ வேலையில் என் தொழில் மூளைக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மாடத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் ஏறி இறங்கப் படிக்கட்டு வேண்டும். பழைய சுவரை உடைத்து உள்ளேயே வைத்திருக்கலாம். அவர்கள் வெளியே தனியாக ஒரு கண்ணாடிக் கோபுரம் எழுப்பி, அதற்குள் படியை வைத்து, ஒரு சின்னப் பாலத்தால் மாடத்தோடு சேர்த்தார்கள். இருபது வருஷமாக ஓடும் லெகசி கோடைத் தொட பயந்து, வெளியே ஒரு லேயர் எழுதி இணைப்போமே, அதே புத்திதான். நாளைக்கு வேறு யாருக்காவது இந்தக் கட்டடம் தேவைப்பட்டால் கோபுரத்தைக் கழற்றிவிடலாம். இடித்தால் எதுவும் மிஞ்சாது. பூட்டி வைத்தால் புறாதான் மிஞ்சும். சாப்பாட்டுக்கடை கூரையைக் காப்பாற்றியிருக்கிறது.

சரி, அப்போ எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? இங்கேதான் எனக்குத் தடுக்குகிறது. அன்று வரியை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை வெளியே நிறுத்திய கூடத்தில் இன்று மதம் பார்க்காமல் யாரும் உட்காரலாம். முன்பைவிட இது திறந்த இடம், சந்தேகமே இல்லை. ஆனால் பழைய பங்குக்கு எவ்வளவு கசடு இருந்தாலும் ஒரு கடமை இருந்தது. தன் எல்லைக்குள் அநாதையாகக் கிடந்த குழந்தைக்கு அது பொறுப்பு. தட்டிக்கழிக்க ராத்திரியில் ஆள் வைத்ததே, பொறுப்பு இருந்ததால்தான். உணவகத்துக்கு அந்தப் பாரம் இல்லை. பில் கட்டும் வரைதான் நமக்கும் அதற்கும் உறவு. 'மக்கள் கூடும் இடம்' என்று இப்படிப்பட்ட கட்டடங்களைச் சொல்கிறார்கள். கூடுவது உண்மை. கூடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் கட்டடத்தோடு சேர்த்துப் பழுதுபார்க்க முடியவில்லை.

விருந்து முடிந்து வெளியே வந்தோம். பக்கத்தில் உல்ஃப் டோன் பெயரிலேயே ஒரு சதுக்கம். அது இந்த ஆலயத்தின் கல்லறைத் தோட்டமாக இருந்த இடம். 1960களில் பூங்காவாக்கியபோது கல்லறைக் கற்களைப் பிடுங்கி ஒரு ஓரத்தில் அடுக்கினார்கள். கிளாஸ்கோவில் ஆடம் ஸ்மித்துக்குப் பாடம் எடுத்த தத்துவவாதி ஃபிரான்சிஸ் ஹட்சிசன் 1746இல் இந்த மண்ணில்தான் புதைக்கப்பட்டார். அவருக்கு மேலே சனிக்கிழமை ஜனங்கள் பை பையாக ஷாப்பிங் சாமானோடு நடக்கிறார்கள்.

நாசரேத்துக்காரன் அந்தக் கற்களிடம் போனான். மழையில் எழுத்து தேய்ந்திருந்தது. போனில் டார்ச் அடித்து, விரலால் தடவி, ஒரு பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தான். பாதிதான் வந்தது.

"ஆல்டரைத் தேடிக்கிட்டிருந்தியே, என்ன ஆச்சு?" என்றேன்.

"அது போகட்டும்ணே. இவங்களைப் பார்க்க யாராச்சும் வருவாங்களா?"

எனக்கு இதற்கும் பதில் தெரியவில்லை. அவன் அடுத்த கல்லுக்கு டார்ச்சைத் திருப்பினான்.