காணத் திருப்பதி, வாழச் சித்தூரா?

மாற்றல் ஆணை கைக்கு வந்த அன்றும், ஓய்வு பெறும் நாள் நெருங்கும்பொழுதும், நம் குடியிருப்பில் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. "திருப்பதியில் இருப்பதா, சித்தூரில் இருப்பதா?" என்பதே அது. வீட்டிலுள்ள பெரியோர் மலையடிவாரம் வேண்டும் என்பர். பிள்ளைகள் கல்லூரிகளைக் கணக்கிடுவர். வாடகையை எண்ணிப் பார்க்கும் குடும்பத் தலைவர் வாய் திறவார். முடிவில், "காண்பதற்குத் திருப்பதி, வாழ்வதற்குச் சித்தூர்" என்று யாரேனும் ஒருவர் சொல்ல, பேச்சு அத்துடன் நின்றுவிடும். அம்முடிவு சரிதானா என்பதை இவ்விரு நகரங்களின் வரலாற்றைக் கொண்டு நாம் சிறிது ஆராய்வோம்.

நகரங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் தோன்றியவை அல்ல. அமெரிக்க நாட்டில் நியூயார்க் துறைமுக வாணிகத்தால் பெருகிய நகரம். வாஷிங்டனோ அரசு அலுவலுக்கென்றே திட்டமிட்டு அமைக்கப்பெற்று, 1800ஆம் ஆண்டில் அரசின் இருப்பிடமாயிற்று. அவ்வாறே நம் திருப்பதி வழிபட வந்தோரால் வளர்ந்தது. சித்தூர் அலுவல் பார்க்க வந்தோரால் வளர்ந்தது. இரண்டிற்கும் இடையே சாலைவழித் தொலைவு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டரே. ஆயினும் இரண்டின் இயல்பும் வேறு வேறு.

வந்தோர் வளர்த்த ஊர்

வேங்கடமலை தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரத்திலேயே குறிக்கப்பெற்றது. ஆழ்வார்கள் பலர் பாடிப் பரவியதும் அம்மலையே. ஆனால் மலையடியில் இன்று நாம் காணும் நகரம் அத்துணைப் பழமையுடையதன்று. இராமானுசர் 12ஆம் நூற்றாண்டில் கோவிந்தராசப் பெருமாளை இங்கு எழுந்தருளச் செய்தார் என்றும், அக்கோயிலைச் சுற்றியே ஊர் வளர்ந்தது என்றும் வைணவ மரபு கூறும். அதற்கு முன்னர்த் திருச்சானூரே மலைக்குச் செல்வோர் தங்கும் பேரூராக விளங்கியது.

திருமலையிலும் திருப்பதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. 1930களில் தொடங்கி அவை தொகுதிகளாகவும் அச்சேறின. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவளாகக் கருதப்படும் சாமவை என்னும் பல்லவ குலத்து அரசி, வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்தளித்து, அதன் வழிபாட்டிற்கு நிலமும் விட்ட செய்தியை அவற்றுள் ஒன்று கூறுகின்றது. விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். தம் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் அவர்தம் செப்புத் திருவுருவங்கள் இன்றும் கோயிலில் உள்ளன. அவருடைய கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகளிலும் கல்லில் பொறிக்கப்பட்டன. வருவோர் எம்மொழியினர் ஆயினும் படித்துணர வேண்டும் என்பதே கருத்துப் போலும்.

இக்கல்வெட்டுகளில் நம் உள்ளத்தைக் கவர்வது அரசர்தம் பெருமையன்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பக்தர் ஒருவர் கோயிற் பண்டாரத்தில் பணம் செலுத்துவார். அப்பணம் பெட்டியில் உறங்குவதில்லை. கோயிலுக்குரிய சிற்றூர்களில் ஏரி தோண்டவும், கால்வாய் வெட்டவும் அது செலவிடப்பெறும். நீர் பாய்ந்து விளைவு மிகும். மிகுந்த விளைவைக் கொண்டு கொடையாளியின் பெயரால் நாள்தோறும் அமுது படைக்கப்பெறும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு அவருக்கு உரியது. அதற்கு "விட்டவன் விழுக்காடு" என்று பெயர். கொடுத்தவர் தம் ஊருக்குத் திரும்பிவிடலாம். அவர் வெட்டுவித்த கால்வாயோ உழவனின் வயலுக்கு நீர் தந்துகொண்டேயிருக்கும். காண வந்தவரும் வாழ்வோர்க்கு வழி செய்துவிட்டுப் போயினர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கும்பினி ஆட்சி 1801இல் கோயில் நிருவாகத்தை மேற்கொண்டது. 1843இல் அது ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேவஸ்தானக் குழு அமைந்தது. 1944இல் மலைப்பாதை திறக்கப்படும் வரை, நடந்தோ டோலியிலோதான் மலையேற வேண்டும். இன்று நாள்தோறும் பல்லாயிரவர் வந்து செல்கின்றனர். 1954இல் திருவேங்கடவன் பெயரால் பல்கலைக்கழகமும், 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இங்கே தோன்றின. எனவே, திருப்பதி காண்பதற்கு மட்டுமே உரிய ஊர் என்பது பொருந்தாது.

ஆயினும் இங்குக் குடியிருப்போர் படும் பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். திருப்பதியில் வீடு எடுத்தவர் ஒரு சத்திரத்தையும் சேர்த்தே எடுத்தவராவார். புரட்டாசி பிறந்தால் போதும். ஒன்றுவிட்ட உறவினரும், அவர்தம் அண்டை வீட்டாரும் பெட்டியுடன் வாயிலில் நிற்பர். "தரிசனத்துக்கு ஏதேனும் வழி உண்டா?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. வழியறியாத நாம் விழிப்போம். அவர்களுக்குச் சோறு வடித்துப் போடும் அம்மையார்க்கு மலையேறும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறை கிட்டினும் அரிதே.

அலுவல் வளர்த்த ஊர்

சித்தூரின் வரலாறு வேறு. தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த இப்பகுதியில் பாளையக்காரர் பலர் ஆண்டனர். ஆங்கிலேயருடன் போரிட்டுக்கொண்டிருந்த ஐதர் அலி, 1782 திசம்பர் 7ஆம் நாள் உயிர் நீத்தது சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான். பின்னர்க் கும்பினியார் காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூர் விளங்கியது. ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் வந்தன. எழுத்தரும் வழக்கறிஞரும் உடன் வந்தனர். 1911 ஏப்பிரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று; வட ஆர்க்காட்டிற்கு வேலூர் தலைநகராயிற்று.

இருப்புப்பாதை வந்தபின் காட்பாடியும் சித்தூரும் பாகாலாவும் திருப்பதியும் ஒரே வழியில் இணைந்தன. நம்மவர் பலரை இங்குக் கொண்டு சேர்த்தது அவ்வழியே.

சித்தூருக்கு யாத்திரிகர் கூட்டம் இல்லை. காணிப்பாக்கம் பிள்ளையாரைத் தொழ வருவோரும் தொழுதவுடன் திரும்பிவிடுவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருப்பதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 87 ஆயிரம்; சித்தூருக்கோ ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். வாடகை தாழ்வு, மாம்பழக் காலத்தில் கூடை நிறையப் பழம், வேலூர் மருத்துவமனைக்குச் செல்வதும் எளிது. கோடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் துன்பம் ஒன்றைத் தவிர, அமைதியான வாழ்வுக்கு ஏற்ற ஊரே.

ஊரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட இருவரை இங்கு நினைவுகூர்வோம். புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் இசை பயின்று, 1954இல் சங்கீத கலாநிதியானவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. தெலுங்கு நாட்டின் பிறிதொரு பகுதியில் பிறந்து, சித்தூர் நாடக மேடையில் வளர்ந்து, 1945இல் வெளிவந்த "மீரா" போன்ற தமிழ்ப் படங்களிலும் நடித்துப் புகழ் பெற்றவர் சித்தூர் வி. நாகையா. ஒருவர் இசையை நம்மிடம் கற்றார். மற்றவர் கலையை நமக்கு அளித்தார். இருவரையும் "சித்தூர்" என்ற அடைமொழியே உலகிற்கு அறிமுகம் செய்தது.

எல்லைக் கோடு

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை அறியாதார் இலர். படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி நம் தாயகத்துடன் இணைந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்தை அடைந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. பின்னர் 2022 ஏப்பிரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது.

திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருட்டிணன், திருப்பதியிலிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்று, பின்னர் வேலூரிலும் சென்னையிலும் கற்றார். அன்று அவர் எந்த எல்லையையும் கடக்கவில்லை. இன்றோ அதே வழியில் இரு மாநிலங்கள் உள்ளன. கோடுகள் மாறும், ஊர்கள் அங்கேயே இருக்கும், வாழ்வோர் ஒருவரோடொருவர் இணங்கி வாழ்ந்தே ஆகவேண்டும். தெலுங்கு மக்கள் நம்மை அயலாராக நடத்தவில்லை. அவர்கள் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்றுள்ளனர். அது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் நம்மை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. சில திங்களுக்கு முன் நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவனுடன் கோவிந்தராசர் கோயிலுக்குச் சென்றிருந்தோம். மதிலில் இருந்த கல்லெழுத்தை விரலால் தடவிப் பார்த்த அவன், "மாமா, இது எந்த மொழி?" என்று தெலுங்கில் கேட்டான். "உன் பாட்டியின் மொழி" என்றோம். அவன் நம்பவில்லை. பாட்டி பேசுவதை அவன் கேட்டிருக்கிறான், எழுதிக் கண்டதில்லை. குற்றம் அவனுடையதன்று, கற்பிக்காத நம்முடையது.

எவ்வூர் நல்லது?

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறுவோம். ஓர் ஊரில் முப்பது ஆண்டுகள் இருந்தும், சம்பளம் வாங்கி, வாடகை கொடுத்து, விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று திரும்பியதன்றி வேறொன்றும் செய்யாதவர், அவ்வூரைக் காண வந்தவரே ஆவார். ஒரே முறை வந்து ஒரு கால்வாய்க்குப் பொருள் தந்து சென்றவர், அவ்வூரில் இன்றும் வாழ்கிறார். காண்பதும் வாழ்வதும் ஊரின் இயல்பால் வருவன அல்ல. நம் செயலால் வருவன.

ஆதலின், சித்தூரில் இருப்போர் சித்தூரிலேயே இருக்கட்டும். திருப்பதியை விரும்புவோர் திருப்பதிக்கு வரட்டும். எங்கிருப்பினும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தறிவிக்க ஒதுக்குவோம். அக்கம்பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகள் விரும்பி வந்தால் அவர்களுக்கும் ஒரு பாய் விரிப்போம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அச்சிறுவன் அம்மதிலில் உள்ள ஒரு வரியையேனும் எழுத்துக் கூட்டிப் படிப்பானாயின், அதுவே நமக்குரிய விட்டவன் விழுக்காடு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!