மூக்குச் சத்திரசிகிச்சையும் இரவின் மூச்சும்: ஒரு வரலாற்று நோக்கு

சென்ற மார்கழி விடுமுறைக்கு ஹாலிஎலத் தோட்டத்து லயத்திற்கு நான் போய்ச் சேர்ந்தபோது, என் தந்தையார் ஏழு இரவுகளாகச் சுவரிற் சாய்ந்தவாறே உறங்கிக்கொண்டிருந்தார். வளைந்திருந்த மூக்கின் நடுத்தட்டை நேராக்கும் பொருட்டு அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தது. பகலில் ஓரளவு மூச்சு வரும். பாயிற் படுத்ததும் இரு துவாரங்களும் அடைத்துக்கொள்ளும். "மூக்கக் கெடுத்துப்புட்டாங்க, தம்பி" என்றார். வைத்தியசாலையில் கொடுத்த துண்டை வாங்கிப் பார்த்தேன். தலையை உயர்த்திப் படுக்கவேண்டும், அடைப்புச் சில கிழமைகளிலே தணியும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எழுதியிருந்த மொழியோ அவர் வாசிக்க அறியாதது. இந்நிகழ்ச்சியே மூக்குச் சத்திரசிகிச்சையின் வரலாற்றை நோக்க என்னைத் தூண்டிற்று.

மூக்கறுத்தல் நம் நாடுகளிற் பழைய தண்டனையாகும். 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், திருமலை நாயக்கர் (1623–1659) ஆட்சியின் இறுதிக் காலத்தில், மைசூர்ப் படையினர் மதுரை நாட்டினுட் புகுந்து அகப்பட்டோரின் மூக்கை அரிந்தனர். சேதுபதியின் துணையோடு மதுரைப் படையும் அவ்வாறே பழிவாங்கிற்று. 'மூக்கறுப்புப் போர்' என வரலாறு அதனைக் குறிக்கின்றது.

அறுக்கும் வழக்கம் இருந்த நாட்டிலே ஒட்டும் கலையும் வளர்ந்தமை வியப்பன்று. சுசுருத சங்கிதையின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. எனினும் கன்னத்துத் தோலை இலையளவிற்கு அரிந்து மூக்கில் ஒட்டும் முறையை அந்நூல் தெளிவாகக் கூறுகின்றது. ஒட்டிய பின் மூச்சு இயங்கும்பொருட்டு இரு குழல்களைத் துவாரங்களிற் செருகவேண்டும் என்று அது விதிப்பது ஈண்டு நோக்கற்பாலது. வெட்டியதோடு மருத்துவன் கடமை முடிந்துவிடவில்லை. நோயாளியின் மூச்சும் அவன் பொறுப்பேயாம்.

இக்கலை ஐரோப்பாவின் கவனத்தை ஈர்த்தமைக்கு ஒரு வண்டிக்காரரே காரணர். 1792 ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையின் மாட்டு வண்டியோட்டியான கோவாஸ்ஜி, திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டின் பின் புனேக்கு அருகில், செங்கல் செய்வோர் குலத்தவர் ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு அவருக்குப் புதுமூக்கு அமைத்தார். 1794 இல் இலண்டன் 'ஜென்டில்மன்ஸ் மகஸீன்' இதழ் இச்செய்தியை வெளியிட்டது. வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டியை நீரிற் குழைத்துச் சீலையில் தடவிக் காயத்தில் இட்டனர். பின்னர் நெய்ச்சீலை இட்டனர். நோயாளி ஐந்தாறு நாள்கள் மல்லாந்து கிடந்தார். பத்தாம் நாள் துவாரங்கள் அடையாதிருக்க மென்துணி செருகப்பட்டது. இவையனைத்தும் அங்கே கூறப்பட்டுள்ளன. ஆனால் அம்மல்லாந்த இரவுகளிலே கோவாஸ்ஜி எவ்வாறு மூச்செடுத்தார் என்பதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. இம்முறையைப் பின்பற்றி 1814 இல் இலண்டனிற் சத்திரசிகிச்சை செய்த கார்ப்பியூ, 1816 இல் அதனை நூலாக்கினார்.

மூக்கின் வெளியுருவை விடுத்து உள்வழியைச் சீராக்கும் சிகிச்சை பிற்காலத்தது. 1884 இல் கொக்கெயினால் உறுப்பை மரக்கச்செய்யும் முறையைக் கொல்லர் காட்டினார். 1902 இல் ஃபிறீயரும் 1904 இல் கில்லியனும் நடுத்தட்டைத் திருத்தும் முறைகளை வெளியிட்டனர். மூக்குத் துவாரங்கள் மாறிமாறி அடைத்துத் திறப்பதை 1895 இல் கைசர் என்னும் செருமானிய மருத்துவர் விவரித்தார். இடகலை, பிங்கலை என இடவல மூச்சைப் பிரித்துப் பேசிய திருமூலர் மரபிற்கு இது முற்றும் புதியதன்று.

இரவின் அடைப்பிற்குக் காரணம் யாது? மூக்கின் பக்கச்சுவர்களிலுள்ள சுருளென்புகளைப் போர்த்திய சவ்வு, குருதிக் குழாய்கள் மலிந்தது. நாம் படுக்கும்போது தலையின் நாளங்களிற் குருதியழுத்தம் கூடுவதால் அச்சவ்வு புடைக்கின்றது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்புறத் துவாரம் அடைபடுகின்றது. நலமுடையோர் இதனை உணர்வதில்லை. சத்திரசிகிச்சையின் வீக்கமும் உறைந்த குருதியும் ஏற்கெனவே வழியைக் குறுக்கியிருக்கும்போதோ, இச்சிறு புடைப்பே மூச்சை முட்டச்செய்கின்றது. எனவே தலையை உயர்த்தினால் துன்பம் குறையும். துண்டு கூறியதை என் தந்தையாரின் உடல் தானே கண்டுகொண்டது. அச்சத்தைத்தான் அவர் வீணே சுமந்தார்.

மருத்துவ அறிவு மக்கள் மொழியிற் சேரவேண்டும் என்பது புதுக்கோரிக்கையன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். 1867 இல் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். மலைநாட்டுத் தோட்டங்களுக்கு 1872 இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் வைத்தியரையும் மருந்தையும் கொணர்ந்தது, மொழியைக் கொணரவில்லை. 1987 இல் 13 ஆம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் என் தந்தையாரின் கைக்கு வந்த துண்டு தமிழில் இருக்கவில்லை.

அதனை நான் வாசித்துச் சொன்ன இரவு, இரு தலையணைகளும் மடித்த கம்பளியும் வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தார். அடைப்பு முற்றாக நீங்கவில்லை. எனினும் விடியும்வரை உறங்கினார். சுசுருத மரபினர் குழல் செருகி மூச்சிற்கு வழி செய்தனர். நம் காலத்து நோயாளிக்கு அவ்வழியைத் தமிழில் எழுதப்பட்ட இரண்டு வரிகளே திறந்துவிடக்கூடும். அவ்வரிகளை எழுதும் பொறுப்பு, கல்வி கற்ற நம் தலைமுறையினரையும் சார்ந்ததாகும்.