ஐந்து கொடிகள், ஒரே கடற்கரை

சென்ற பொதுக்குழுவில் "இந்த வருடச் சுற்றுலா எங்கே?" என்ற பேச்சு எழுந்ததும் வழக்கம்போல இரண்டு கட்சி ஆகிவிட்டோம். இளையவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ரிசார்ட் என்றார்கள். பெரியவர்கள் சிதம்பரம் கோயில் என்றார்கள். இரண்டும் ஒரே வழியில்தானே இருக்கின்றன? நடுவில் நாம் நிறுத்தாமல் கடந்துபோகும் சில ஊர்களைப் பற்றிச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மாமல்லபுரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைத் தாண்டிக் கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. அங்கே டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். கல்லறைப் பலகைகளில் செதுக்கியிருக்கும் வேலைப்பாட்டைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். இன்னும் தெற்கே போனால் கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரை. இது முகலாயர் காலக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பத்தே வருடத்தில், 1760இல், ஆங்கிலேயர்கள் அதை இடித்தார்கள்.

புதுச்சேரியைப் பிரெஞ்சு நகரம் என்கிறோம். 1674இல் பிரான்சுவா மார்த்தேன் அங்கே வந்து காலூன்றியது உண்மை. ஆனால் 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. இன்று நாம் ரசிக்கும் நேர்கோட்டுத் தெருக்களுக்கு அவர்கள் போட்ட திட்டமே அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர்கள் நகரத்தைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே நாம் படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. இடிபடுவதற்கு முன் இருந்த ஊரைத் தெரிந்துகொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய பொக்கிஷம், ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு.

அடுத்தது கடலூர். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து இங்கே கோட்டையை வாங்கியபோது ஒரு வேடிக்கையான ஒப்பந்தம். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலமும் அவர்களுக்கே. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள்! அப்படி எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தபோது, இந்த செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்துதான் ஆங்கிலேயர்கள் நிர்வாகம் நடத்தினார்கள்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் இதற்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். முஸ்லிம் வணிகர்கள் இதையே மஹ்மூது பந்தர் என்றார்கள். ஐதர் அலிக்கும் ஐர் கூட்டின் படைக்கும் 1781 ஜூலை 1ஆம் தேதி இதன் அருகில்தான் போர் நடந்தது.

கடைசியில் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் இங்கேதான்.

ஐந்து நாட்டுக் கொடிகள் இவ்வளவு நெருக்கமாக ஏன்? நல்ல துறைமுகம் இருந்ததாலா? இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளித்தான் நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. அலை மோதும்போது அந்தப் பலகைகள் வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு என்றால் பிளந்துவிடும். இத்தனை சிரமமும் உள்நாட்டு நெசவாளர்களின் துணிக்காக. அந்தத் துணியைக் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் கிடைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்தது; நெசவு நொடித்தது; கடையை மூட வேண்டியதாயிற்று. 1845இல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861இல் இரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் இருந்த கொஞ்ச வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது.

கொடிகள் போன பிறகும் கடல் ஓயவில்லை. தரங்கம்பாடிக் கரையில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதாவது, டென்மார்க் கப்பல் வருவதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பே. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆலம்பரையையும் 2004 சுனாமி விட்டுவைக்கவில்லை. "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் தள்ளிப்போடுவது மலைக்கோயிலுக்குச் சரி, இவற்றுக்குச் சரிவராது.

என் அனுபவம் ஒன்று. இரண்டு வருடம் முன்பு குடும்பத்தோடு இத்தனை ஊரையும் இரண்டே நாளில் பார்க்கத் திட்டமிட்டேன். புதுச்சேரிக் கடைத்தெருவில் நேரம் போய்விட்டது. தரங்கம்பாடி சேர்ந்தபோது இருட்டு. கோட்டைக் கதவு சாத்தியிருந்தது. மகள் அலைச்சத்தத்தைக் கேட்டதோடு சரி, எதையும் பார்க்கவில்லை. வீடு வரும்வரை என்னோடு பேசவும் இல்லை.

ஆகவே என் யோசனை மூன்று நாள். முதல் நாள் விடியற்காலையில் கிளம்பி, சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம் உப்பளம் பார்த்து, இரவு புதுச்சேரி. இரண்டாம் நாள் கடலூர், பரங்கிப்பேட்டை, மாலையில் நடராஜர் தரிசனம், இரவு சிதம்பரம். மூன்றாம் நாள் காலை வெயில் ஏறும் முன் தரங்கம்பாடி. மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் இரவு பத்துக்குள் வீடு. ஆலம்பரையில் நிழலோ கடையோ எதிர்பார்க்க வேண்டாம்; தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். அலை இழுக்கும் கரைகள் என்பதால் பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டாம். நீச்சல்குளம் வேண்டும் என்பவர்களுக்கு முதல் நாள் இரவுத் தங்கலில் பார்த்துக்கொள்ளலாம்.

வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் பெயரை எழுதுங்கள். முப்பது பேர் சேர்ந்தால் வேன் போதாது, பஸ்ஸே பேசிவிடலாம். முதல் பெயரை என் மகள் எழுதிவிட்டாள்.