கல்கத்தாவின் விரல்ரேகைக் கூடமும் இல்லக் காவலும்

உடைமைக்குக் காவல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் மரபில் தொன்மையானது. பாடிகாவல் என்னும் வரியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. பிற்காலக் காவல் முறையில், களவுபோன பொருளை மீட்டுத்தர இயலாத காவற்காரர் அதற்கு ஈடு வழங்கும் வழக்கமும் இருந்தது. காவலரைப் பொறுப்பாக்கிய இம்முறைக்கு மாறாக, கள்வரின் உடலையே சான்றாக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் உருப்பெற்றது.

வங்காளத்தின் ஜங்கிப்பூரில் 1858இல் வில்லியம் ஹெர்ஷல் ஒப்பந்தப் பத்திரம் ஒன்றில் கைப்பதிவைப் பெற்றார். எனினும், பெருந்தொகுதியான பதிவுகளுள் ஒன்றைத் தேடியெடுப்பது அரிதாக இருந்தது. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின்கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பால் இக்குறை நீங்கியது. பத்து விரல்களுள் சுழி அமைந்தவற்றுக்கு மதிப்பெண் அளித்துப் பதிவுகள் 1,024 பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 1897இல் விரல்ரேகைக் கூடம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. உலகின் முதற்கூடங்களுள் இதுவும் ஒன்று. முறையோ ஹென்றியின் பெயரையே பெற்றது.

இம்முறையின் முதல் வெற்றி இல்லக் களவு ஒன்றில் கிட்டியது என்பது நோக்கத்தக்கது. ஜல்பைகுரிப் பகுதியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் தம் இல்லத்தில் கொலையுண்டார், பணமும் களவுபோயிற்று. வங்கமொழி நாட்காட்டியில் படிந்த குருதிக்கறை, முன்னரே களவுக்காகத் தண்டனை பெற்றிருந்த முன்னாள் பணியாளரின் பெருவிரற்பதிவோடு ஒத்தது. அவர் களவுக்காகவே தண்டிக்கப்பட்டார்; கொலைக் குற்றம் உறுதிசெய்யப்படவில்லை. 1899ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் விரல்ரேகை வல்லுநரின் கருத்தைச் சான்றாக ஏற்றது. 1902இல் இலண்டனில் இம்முறையால் தண்டிக்கப்பட்டவரும் வீடு புகுந்து பில்லியர்ட்ஸ் பந்துகளைத் திருடியவரே.

எனினும், அதே ரேகை தமிழகத்தில் வேறு பொருள் பெற்றது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், குற்றம் செய்யாதோரிடமும் பிறப்பு கருதியே ரேகை பெற வழிசெய்தது. ஆடவர் இரவில் தம் வீட்டில் உறங்கும் உரிமையையும் இழந்தனர். மக்கள் அதனைக் 'கைரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது.

களவு நிகழ்ந்த இடத்தில் கிடைத்த ரேகை, செயலைச் செய்தவரைக் காட்டியது. முன்கூட்டிப் பெறப்பட்ட ரேகையோ ஒரு சமூகத்தையே ஐயத்துக்கு உரியதாக்கியது. ஒருசாராரின் இல்லத்தைக் காக்க எழுந்த கருவி, மற்றொரு சாராரின் இல்லத்தைக் காவலற்றதாக்கிய வரலாறு இது எனலாம்.