சுகர் இல்லாதவருக்கு அடிக்கடி லோ சுகர் ஆவது ஏன்? கணையத்தில் இருக்கும் சின்னக் கட்டி காரணமாக இருக்கலாம்!

சர்க்கரை நோய் கிடையாது. சுகர் மாத்திரை, இன்சுலின் ஊசி எதுவும் இல்லை. ஆனாலும் சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் கை நடுக்கம், வியர்வை, குழப்பமான பேச்சு, சில நேரம் மயக்கம். இனிப்பு சாப்பிட்டதும் சரியாகிடும். எப்போதோ ஒரு முறை என்றால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப நடந்தால் 'பசி மயக்கம்தான்' என்று விட்டுவிடக் கூடாது. இதற்கு ஒரு காரணம் 'இன்சுலினோமா'வாக இருக்கலாம்.

இன்சுலினோமா என்றால் என்ன?

கணையத்தில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் இந்தச் சுரப்பும் குறைந்துவிடும். ஆனால், இதே செல்களில் இருந்து உருவாகும் கட்டி அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்காது. சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தாலும் இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இது அரிதான நோய். ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்குத்தான் வருகிறது. ஆறுதலான விஷயம், 10ல் 9 கட்டிகள் புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை 2 செ.மீ.க்கும் சிறியவை.

கண்டுபிடிக்க ஏன் தாமதமாகிறது?

மூளை இயங்க சர்க்கரை தேவை. அது குறைந்தால் உளறல், கோபம், பார்வை மங்கல், வலிப்பு வரலாம். இதனால் வலிப்பு நோய், மனநலப் பிரச்சினை, குடிபோதை என்றெல்லாம் தவறாக நினைத்துவிடுகிறார்கள். ஜூஸ் குடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனால், அங்கே சுகர் அளவு நார்மலாகவே இருக்கும்!

அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஆலன் விப்பிள் 1930களில் சொன்ன மூன்று அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன.

1. சர்க்கரை குறைவுக்கான அறிகுறிகள்
2. அந்த நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருப்பது
3. சர்க்கரை கொடுத்ததும் சரியாவது

என்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

மருத்துவமனையில் சேர்த்து, 72 மணி நேரம் வரை உணவு கொடுக்காமல் கண்காணிப்பார்கள். தண்ணீர் குடிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள்ளேயே சர்க்கரை இறங்கிவிடும். அறிகுறிகளோடு சர்க்கரை 55 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போது இன்சுலின், சி-பெப்டைட் அளவுகளைப் பார்ப்பார்கள்.

சி-பெப்டைட் எதற்கு? உடல் இன்சுலினைத் தயாரிக்கும்போது இதுவும் சேர்ந்தே உருவாகும். ஊசி மருந்தில் இது இருக்காது. எனவே இன்சுலின் உடலில் சுரந்ததா, வெளியில் இருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். சில சுகர் மாத்திரைகளாலும் சி-பெப்டைட் கூடும். வீட்டில் வேறொருவரின் மாத்திரையைத் தெரியாமல் போட்டிருக்கலாம் என்பதால் அதையும் சோதிப்பார்கள்.

எச்சரிக்கை: இந்தப் பட்டினிப் பரிசோதனையை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. உயிருக்கே ஆபத்து.

கட்டி எங்கே இருக்கிறது?

ரத்தப் பரிசோதனையில் உறுதியான பிறகுதான் கட்டி இருக்கும் இடத்தைத் தேடுவார்கள். முதலில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதில் சிக்கவில்லை என்றால், வாய் வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பையில் இருந்தபடியே கணையத்தைப் பார்க்கும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் உதவும். சிலருக்குச் சிறப்பு பெட் ஸ்கேன் தேவைப்படலாம்.

சிகிச்சை என்ன?

முதல் தேர்வு அறுவை சிகிச்சை. 1929ல் கனடாவின் டொரண்டோவில் மருத்துவர் ராஸ்கோ கிரஹாம் இந்தக் கட்டியை அகற்றி நோயாளியைக் குணப்படுத்தினார். இன்று பலருக்கு லேப்ராஸ்கோபி முறையில், கட்டியை மட்டும் தனியாக எடுத்துவிட முடிகிறது. கணையக் குழாயை ஒட்டி இருந்தால் கணையத்தின் ஒரு பகுதியையும் எடுக்க வேண்டி வரலாம். ஆபரேஷனுக்குப் பிறகு கணைய நீர் கசியும் அபாயம் உண்டு. ஆனால், ஒரே கட்டி என்றால் பெரும்பாலானவர்கள் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

ஆபரேஷன் வரையிலோ, ஆபரேஷன் முடியாத நிலையிலோ அடிக்கடி சிறிது சிறிதாகச் சாப்பிடச் சொல்வார்கள். இன்சுலின் சுரப்பைக் குறைக்க டயசாக்சைடு மருந்து உண்டு. பரவிய கட்டிகளுக்கு எவரோலிமஸ் மாத்திரை, லுட்டீசியம் கதிரியக்கச் சிகிச்சை போன்றவை இருக்கின்றன.

வேறு ஹார்மோன் கட்டிகளும் உண்டா?

உண்டு. எந்த ஹார்மோன் கூடுகிறதோ, அதற்கேற்ப அறிகுறி மாறும்.

• கேஸ்ட்ரினோமா: மருந்துக்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப வரும் அல்சர், வயிற்றுப்போக்கு
• குளுக்ககோனோமா: தோலில் புண்ணாகும் தடிப்பு, சர்க்கரை நோய், எடை குறைவு
• விப்போமா: தண்ணீராகப் போகும் கடும் வயிற்றுப்போக்கு, பொட்டாசியம் குறைவு

இன்சுலினோமா அளவுக்கு இவை சாதுவானவை அல்ல. புற்றுநோயாகப் பரவும் வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யணும்?

• அறிகுறி வரும் நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் சுகர் பார்த்து, நேரத்தோடு குறித்து வையுங்கள். மீட்டர் இல்லையென்றால் காத்திருக்காமல் உடனே இனிப்பு கொடுங்கள்.
• நினைவு இல்லாதவர் வாயில் ஜூஸ், சர்க்கரை எதையும் ஊற்றாதீங்க; 108க்கு அழைங்க.
• காரணம் தெரியும்வரை விரதம், தனியாக வண்டி ஓட்டுவது வேண்டாம்.
• நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் கட்டி இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மது, கல்லீரல், சிறுநீரகம், அட்ரினல் சுரப்பிப் பிரச்சினைகளாலும் சர்க்கரை குறையலாம். எனவே மயக்கம் வந்தாலே கட்டி என்று பயப்பட வேண்டாம். ஆனால், காரணம் தெரியாமல் இனிப்பு சாப்பிட்டே சமாளித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.